நடக்க முடியாத தெரு

சுவரிலே ஒரு தெருவை வரைந்துவிடலாம். அந்தத் தெருவிலே நடந்துவிட முடியாது. இது குழந்தைக்கும் தெரிந்த உண்மை. எனினும், தேர்ந்த ஓவியன் வரைந்த தெருவைக் காணும்போது நம் கண் நெடுந்தூரம் சென்று மீள்கிறது. கால் செல்ல முடியாத இடத்துக்குக் கண் எப்படிச் செல்கிறது? தட்டையான துணியிலும் சுண்ணச் சுவரிலும் ஆழம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்குக் கண்ணியல் ஒரு விடை தரும். சமூக வரலாறு இன்னொரு விடை தரும். இரண்டையும் ஒருங்கே நோக்கினால், படத்தில் ஆழம் காட்டிய கலையின் கதை, பார்ப்பவனை எங்கே நிறுத்துவது என்ற கதையாகவும் இருப்பதை உணரலாம். வடமராட்சியில், நெல்லியடியைச் சூழ வாழும் நமக்கு அந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று உள்ளூர்ச் செய்தியாகும்.

முதலில் கண்ணியலின் விடையைக் கேட்போம். நெல்லியடிச் சந்தியில் நின்று யாழ்ப்பாணம் செல்லும் வீதியை நோக்குக. வீதியின் இரு கரைகளும் தூரம் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஒரே உயரமுள்ள மின்கம்பங்கள் வரவரக் குறுகுகின்றன. அருகே நிற்கும் பஸ் வண்டி பின்னாலுள்ள கடையை மறைக்கிறது. காலடியில் தனித்தனியே தெரியும் கற்கள் தொலைவில் ஒரே பரப்பாகக் கலந்துவிடுகின்றன. தரையில் நிற்கும் பொருள்களில் தொலைவில் உள்ளவை நம் பார்வையில் மேலேறித் தோன்றுகின்றன. எட்டத்துப் பனைகள் நிறம் மங்கிப் புகைபடிந்தாற்போல நிற்கின்றன. வெயில் ஒருபுறம் விழ, மரத்தின் மறுபுறம் இருண்டு அது உருண்டைப் பொருள் என்பதை அறிவிக்கிறது. நெருங்கும் கோடுகள், குறுகும் அளவு, மறைப்பு, பரப்பின் செறிவு, இடத்தின் உயரம், மங்கும் நிறம், ஒளிநிழல் ஆகிய இவையே தூரத்தை நமக்குக் கூறும் குறிகள். ஓவியன் இவற்றையே கடன் வாங்குகிறான்.

ஆனால் இரண்டு குறிகளை அவனால் வாங்க முடிவதில்லை. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தை உணர்கிறது. 1838இல் சார்ள்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி, இரு கண்களுக்கும் இரு வேறு படங்களைக் காட்டும் கருவி ஒன்றினால் இதை நிறுவினார். மற்றொன்று நடை. நாம் நடக்கும்போது அருகிலுள்ளவை விரைந்து பின்செல்கின்றன. தூரத்தில் உள்ளவை நம்மோடு கூட வருவன போலத் தோன்றுகின்றன. படத்தின் முன்னே எவ்வளவு நடந்தாலும் இது நிகழ்வதில்லை. ஆகவே, ஆழம் காட்டும் எந்தப் படமும், பார்ப்பவன் அசையாது நின்றால் பெரிதும் நம்பவைக்கும். அவன் நடக்கத் தொடங்கினால் தன் தட்டைத்தன்மையை ஒப்புக்கொள்ளும். இந்தச் சிறு உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

ஆழம் காட்டும் வித்தையை நம்மவர் அறியாதிருந்தனர் என்பது காலனித்துவக் காலம் நமக்கு விட்டுச்சென்ற தவறான எண்ணங்களுள் ஒன்று. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி ஒளிநிழல் தீட்டும் முறைகளை மூன்றாக வகுத்துச் சொல்கிறது. இலை நரம்பு போன்ற கோடுகளாலும், மிக நுண்ணிய பூச்சாலும், புள்ளிகளாலும் நிழல் காட்டலாம் என்பது அதன் கருத்து. மேடும் பள்ளமும் தோன்ற வரையத் தெரிந்தவனையே அது ஓவியம் அறிந்தவனாக மதிக்கிறது. சிகிரியாக் குன்றிலே, ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் தீட்டப்பட்ட பெண்ணுருவங்களைக் காண்போர், கன்னத்திலும் தோளிலும் நிறம் செறிந்தும் தளர்ந்தும் உடலுக்குத் திரட்சி தருவதைக் காணலாம். இடைக்குக் கீழே முகில் மறைக்க, உருவங்கள் முகிலுக்குப் பின்னே நிற்கின்றன என்று கண் தானே முடிவு செய்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர்கால ஓவியங்களை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் குதிரைமீதும் கயிலைக்குச் செல்லும் காட்சி அங்கே உண்டு. ஆயினும், அந்தச் சுவரில் தெருக்கோடுகள் ஒரு புள்ளியில் சென்று கூடுவதில்லை. ஏன்? அந்தச் சுற்று மிகக் குறுகலானது. பின்னே சென்று, தொலைவில் நின்று, முழுச் சுவரையும் ஒருங்கே காண இடமில்லை. வலம்வருபவன் நடந்துகொண்டே, ஒரு நிகழ்ச்சியிலிருந்து மறு நிகழ்ச்சிக்குச் செல்கிறான். ஓவியன் அந்த நடைக்கு ஏற்பவே வரைந்தான். கண்டிக்கு அருகே, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தெகல்தொருவைக் குகைவிகாரையிலும் ஜாதகக் கதைகள் இவ்வாறே பட்டை பட்டையாகத் தொடர்கின்றன. ஒரே மனிதன் ஒரே பட்டையில் பலமுறை வருகிறான். சீனத்து நிலக்காட்சிச் சுருளும் கையால் விரிக்க விரிக்கக் கண்ணை வழிநடத்திச் செல்வதே. பார்ப்பவன் அசைகிறான் என்ற எண்ணம் இக்கலைகளின் அடிப்படை.

ஆனால் பழமையைப் போற்றும் உற்சாகத்தில் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. நடப்பவனுக்காக வரையப்பட்ட அந்தச் சுவர்களின் முன்னே நடக்க எல்லாருக்கும் உரிமை இருந்ததில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான். கல்லிலும் வண்ணத்திலும் உழைத்தவனின் வழித்தோன்றல்களுள் எத்தனை பேர் தங்கள் முன்னோர் படைத்ததைக் காணாமலே மாண்டிருப்பர்!

இனி மேற்கே செல்வோம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் புரூனலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சோதனை செய்தார். நகரின் எண்கோண ஞானஸ்நான ஆலயத்தைச் சிறு பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு துளையிட்டு, பின்புறத்திலிருந்து ஒரு கண்ணால் அதனூடே பார்க்கச் செய்து, எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைக் காட்டினார். பார்த்தவர்கள் மெய்யான ஆலயத்தையே கண்டதாக வியந்தனர். 1435இல் அல்பேர்ட்டி இம்முறைக்கு இலக்கணம் வகுத்தார். படம் என்பது ஒரு திறந்த சாளரம் என்றார். பார்வையாளனின் கண் நிற்கும் இடத்தை முதலில் தீர்மானித்து, அதற்கு ஏற்ப எல்லாக் கோடுகளையும் ஒரு மறைபுள்ளியில் கூடச் செய்வதே அந்த இலக்கணம்.

இதை ஐரோப்பாவின் சூழ்ச்சி என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. பதினோராம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம் எழுதிய ஒளியியல் நூல் இலத்தீனுக்குச் சென்றிராவிடில் இக்கண்டுபிடிப்புக்கு வேண்டிய அறிவு அங்கே திரண்டிராது. அளவும் நிறையும் கணக்கும் வாழ்வாகக் கொண்ட வணிக நகரத்து மக்கள், இடத்தையும் அளந்து காண விரும்பினர். கட்டடம், பொறி, மனித உடல் ஆகியவற்றைத் துல்லியமாக வரைந்து பிறர்க்கு அறிவிக்க முடிந்ததற்கு இம்முறை பெருந்துணை புரிந்தது. அது மனித குலத்தின் பொதுச் சொத்து, நமக்கும் உரியது. ஆனால், அதற்கு ஒரு விலை இருந்தது. புரூனலெஸ்கியின் பலகையில் இருந்தது ஒரே துளை. அதில் ஒரு நேரத்தில் ஒருவனே கண்வைக்க முடியும்.

அந்த ஒருவன் யார் என்பதை நாடக மேடை வெளிப்படுத்திவிட்டது. விசென்சா நகரில் 1585இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக்கோ அரங்கில், ஸ்கமோட்சி என்ற கலைஞர் மரத்தாலும் சாந்தாலும் தெருக்களை அமைத்தார். உள்ளே செல்லச் செல்லத் தரை உயர்கிறது, வீடுகள் சிறுக்கின்றன. குறைந்த ஆழமே நெடுந்தெருவாகத் தோன்றுகிறது. அத்தெருக்கள் இன்றும் அங்கே உள்ளன. நடிகன் அதனுள்ளே சிறிது தூரம் சென்றால், அவன் தலை மாளிகையின் மாடத்தை எட்டிவிடும்; மயக்கம் கலைந்துவிடும். பின்னர் 1638இல் சப்பத்தினி என்பவர் காட்சியமைப்புக் கலையைப் பற்றி எழுதிய நூலில், இளவரசன் ஆசனம் எங்கே இடப்படவேண்டும் என்பதற்கே தனி இடம் ஒதுக்கினார். காட்சி முழுச் செம்மையோடு தெரியும் இடம் அது. அவனை விட்டு விலக விலக, மற்றவர்க்குத் தெரு கோணிப்போகும். அரங்கில் அமர்ந்தவர் ஒவ்வொருவரும், தமக்குத் தெரியும் கோணலைக் கொண்டே, அதிகாரத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை அளந்துகொள்ளலாம்!

இந்த முறை நம்மிடம் ஆட்சியோடும் வணிகத்தோடும் வந்தது. 1850இல் அலெக்சாந்தர் ஹன்ரர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1894இல் ரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் வேலையைத் தொடங்க, தூண்கள் வரிசையாகக் குறுகிச் செல்லும் மண்டபங்களில் தெய்வங்கள் நிற்கும் வண்ணப் படங்கள் வீடுதோறும் தொங்கத் தொடங்கின. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவன் வீட்டிலும் தெய்வம் காசுக்குக் கிடைத்தது. அச்சுப் படத்தின் இந்தச் சனநாயகத் தன்மையைக் குறைத்து மதிக்கலாகாது.

மேடைக்கு இம்முறையைக் கொண்டுவந்தவை பார்சி நாடகக் கம்பனிகளும் அவற்றைப் பின்பற்றிய தமிழ்க் கம்பனிகளுமாகும். கன்னையா கம்பனி காட்சிகளின் பகட்டினாலேயே பெரும்பெயர் பெற்றது. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல்கடந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. அரண்மனை, தெரு, காடு, மயானம் எனச் சுருட்டி இறக்கும் திரைகள் நம் ஊர்களில் வழக்கமாயின. பம்மல் சம்பந்த முதலியாரை ஆசானாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் (1889–1982) இங்கே அந்தப் புதிய மேடையை வளர்த்தார். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டத்தைக் கண்டவர்கள் விடியும்வரை கண்ணீரோடு இருந்தனர். அவர்களை உருக்கியது திரையிலிருந்த மயானமா, வைரமுத்துவின் குரலா? விடையை வாசகரே அறிவர்.

வண்ணத்திரை நம் நாடகத்துக்குச் செய்தது என்ன? நடிகனுக்குப் பின்னே நீண்ட தெருவைக் காட்டி, அந்தத் தெருவில் அவன் கால்வைக்காதபடி தடுத்தது. திரைக்கு அருகே சென்றால் மாளிகை அவன் தோளளவாகிவிடும். ஆகவே அவன் முன்னரங்கில் ஒரு கோட்டில் நின்று பாட நேர்ந்தது. பார்ப்பவனுக்கும் ஒரே திசையை விதித்தது. முன்னே நாற்காலி, பின்னே வாங்கு, அதற்கும் பின்னே தரை எனக் காசுக்கேற்ற வரிசை அந்த ஒற்றைத் திசைக்கு இயல்பாகப் பொருந்திக்கொண்டது. மட்டக்களப்பின் வட்டக்களரியில் நிலைமை வேறு. அங்கே களரியைச் சூழ மக்கள் அமர்ந்திருப்பர். பின்புறம் என்ற ஒன்று இல்லை. எனவே வண்ணத்திரைக்கு இடமில்லை. கூத்தன் பாடிக்கொண்டே களரியைச் சுற்றி ஆடிவருவான். காடு கடந்தாயிற்று என்று எல்லாரும் ஏற்றுக்கொள்வர். ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டாமல், காலால் அளந்து காட்டும் கலை அது.

ஆனால் மேலைக் கண்ணால் அளந்தவர்கள் இத்தகைய கலைகளைப் பார்த்து, இங்கே தூரக்காட்சி இல்லை, ஆகவே அறிவில்லை என்றனர். இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலினால் அந்த ஏளனத்துக்கு வலிமையான மறுப்பைத் தந்தார். சாதிவழித் தொழிலமைப்பை அவர் அழகுபடுத்திக் கண்டது நமக்கு உடன்பாடன்று. எனினும், வேறோர் அளவுகோலால் அளந்து நம் கலையைக் குறைகூறலாகாது என அவர் கூறியது என்றும் செல்லும்.

அந்த அளவுகோல் அவ்வளவில் முறியவில்லை. 1960இல் ஹட்சன் என்ற உளவியலாளர், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவில் சுரங்கத் தொழிலாளர் உள்ளிட்டோருக்குச் சில கோட்டுப் படங்களைக் காட்டினார். ஒரு வேடன், ஒரு மான், இரண்டுக்கும் நடுவே தூரத்துக் குன்றில் சிறிதாக ஒரு யானை. வேடனுக்கு அருகில் இருப்பது எது என்ற கேள்விக்கு யானை என்று விடையளித்தவர்கள், படத்தில் ஆழம் காணத் தெரியாதவர்கள் எனக் கணிக்கப்பட்டனர். காகிதத்தில் யானைதான் வேடனுக்கு அருகில் இருந்தது என்பதையும், நிறமும் நிழலும் அற்ற அந்தப் படத்தில் ஆழக்குறிகள் மிகச் சிலவே என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். 1962இல் ஹோக்பேர்க், புரூக்ஸ் என்ற இருவர், ஏறத்தாழப் படங்களையே காட்டாமல் வளர்த்த குழந்தையிடம் பத்தொன்பதாம் மாதத்தில் கோட்டுப் படங்களைக் காட்டியபோது, அது பொருள்களை இனங்கண்டு பெயர் சொல்லிற்று. படத்தைக் காணும் ஆற்றல் மனிதனுக்குப் பொது. ஒரு மரபின் குறிகளை விரைந்து வாசிக்கும் பழக்கமே பள்ளிக்கூடம் தருவது. பள்ளிக்கூடத்தை மறுத்துவிட்டுப் பிறகு பழக்கமில்லை என்று மனிதனைத் தரம்பிரிப்பது எந்த நாட்டு நீதி?

இந்த அநீதியைக் காண நாம் தென்னாபிரிக்காவரை செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள், வகுப்பறையில் தரையிலும் வாசலிலும் இருத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1930ஆம் ஆண்டளவில் அரசினர் உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது, அதைப் பொறாத சாதிவெறியர் பாடசாலைகளுக்கே தீயிட்டனர். கரும்பலகையை எங்கிருந்து பார்ப்பது என்பது இங்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

கோயிலை நோக்குவோம். நம் ஆலய அமைப்பே ஆழம் காட்டும் ஒரு படம் போன்றது. வாசலில் நிற்பவனுக்கு, மண்டபத்துக்குப் பின் மண்டபம், கதவுநிலைக்குள் கதவுநிலை எனச் சட்டங்கள் ஒன்றினுள் ஒன்றாகச் சிறுத்துச் செல்ல, அவற்றின் முடிவில் இருளுக்குள் தீபம் ஒன்று ஒளிர்கிறது. உள்ளே செல்ல உரியவனுக்கு அது நடந்து அடையக்கூடிய இடம். வெளியே நிறுத்தப்பட்டவனுக்கோ அது வெறும் படம். கண் செல்லும், கால் செல்லாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும் நிலைமை அதுதான். 1968இல், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைமையில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் திரண்டு அமர்ந்தனர். படத்தை இடமாக மாற்றுவதே அவர்களின் கோரிக்கை என்று சொன்னால் மிகையாகாது.

அப்போராட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் நெல்லியடி அம்பலத்தாடிகள். என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யை, இளைய பத்மநாதன் முதலிய கலைஞர்கள் காத்தவராயன் கூத்தின் பாணியில் ஆடினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய ஆக்கங்களால் மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்து, படித்தவர்களின் மதிப்பை அதற்குப் பெற்றுத் தந்திருந்தார். வட்டத்தின் நெருக்கம் அங்கே குறைந்தது. நாடெங்கும் செல்லும் வலிமை கிடைத்தது. அம்பலத்தாடிகளோ அந்த வலிமையைப் போராட்டத்துக்குப் பயன்படுத்தினர். உயர்குலப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேறிய காத்தவராயனின் கதையை, ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் மெட்டோடு அறிவர். அந்த மெட்டுகளிலேயே கோயிற் கதவைப் பற்றிய கேள்வி எழுந்தது. வண்ணத்திரையில் நீளும் கோயில் வீதியை நம்பி நிற்கும் வடிவமன்று அது. ஆட்டக்காரனின் அடியும் பாட்டுமே வீதியை உண்டாக்கின. அந்த வீதியில் அவன் நடக்க முடிந்தது. நடக்கும் உரிமையைக் கேட்கும் நாடகத்துக்கு நடக்கக்கூடிய மேடை பொருத்தமாக அமைந்தது.

இதனால், தூரக்காட்சி முறை தீயது, கூத்து நல்லது என்று நாம் தீர்ப்புக் கூறுவதாக எண்ணவேண்டாம். காசுக்கு விற்ற அச்சுப் படம் மூடிய வாசலைச் சற்றே திறந்தது. நடைக்காக வரைந்த சோழச் சுவரோ பலருக்கு மூடியே கிடந்தது. முறை எதுவாயினும், அது யாருக்காக, யாரை எங்கே நிறுத்தி, என்ன காட்டுகிறது என்பதே கேள்வி.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. சித்திர வகுப்பில் ஒரு பிள்ளை தன் வீட்டை வரைகிறது. முன்வாசலும் தெரிகிறது, பின்வளவுக் கிணறும் தெரிகிறது. தாயின் உருவம் கூரையிலும் பெரிதாக இருக்கிறது. தூரக்காட்சி தவறு என்று சிவப்பு மையால் கோடிடுவது எளிது. அந்தப் பிள்ளை ஓரிடத்தில் நின்று வீட்டைப் பார்க்கவில்லை. அதற்குள்ளே வாழ்கிறது, அதைச் சுற்றி ஓடித் திரிகிறது என்பதை நாம் முதலில் உணரவேண்டும். பிறகு, கோடுகள் கூடும் முறையையும் கற்பிக்கவேண்டும். அந்த அறிவை மறுப்பது அதற்கு நாம் செய்யும் இன்னொரு அநீதியாகும். தஞ்சைச் சுவரும், தெகல்தொருவையும், புளோரன்ஸ் பலகையும் ஒரே வகுப்பறையில் ஒரே வரிசையில் இடம்பெறட்டும். அவற்றைக் காணும் பிள்ளைகளும் அவ்வாறே ஒரே வரிசையில் அமரட்டும்.

இன்று கைக்குள் அடங்கும் திரைகளில், முன்னெப்போதும் இல்லாத ஆழத்தோடு நகரங்களும் மாளிகைகளும் நம் இளைஞர்முன் விரிகின்றன. கண் எவ்வளவு தூரமும் சென்று வருகிறது. அந்தத் தெருக்களில் எத்தனை, அவர்கள் கால்வைத்து நடக்கக்கூடியவை என்று கேட்கக் கற்றுக்கொடுப்போம். கேட்கத் தெரிந்த தலைமுறை, மூடிய கதவுகளின்முன் படம் பார்த்துக்கொண்டு நிற்காது.